பட்டியலில் வராத கச்சேரி

ஜோயலுக்கு,

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, நீயும் ஷர்மிளாவும் பிரிவதற்கான பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாய். ஏன் என்று கேட்டேன். "அவளுக்கு அவ வேலைதாம்ப்பா முக்கியம். நானும் நிஷாவும் அதுக்குப் பொறவுதான்" என்றாய். நீ அதைச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்தில் நிஷா என்னவோ கேட்டாள், நீ இங்கிலீஷில் அவளுக்குப் பதில் சொன்னாய். அப்படியென்றால் அவள் அங்கேயேதான் இருந்திருக்கிறாள். அவளுக்குத் தமிழ் பேச வராதே தவிர, நாம் பேசுவது புரியும். அதற்கப்புறம் நான் பேசவில்லை. லைன் சரியில்லை என்று நினைத்து நீ போனை வைத்துவிட்டாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நீ சொன்ன வாக்கியம் என்னுடையது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில், வேலை என்பதற்குப் பதில் பியானோ என்று வைத்து உன்னிடம் நான் சொன்னது.

அதைப் பற்றி உனக்கு எழுத வேண்டியிருக்கிறது. ஏழு மாதமாக எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு வலது கண் போய்விட்டது, இடது கண்ணிலும் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது என்கிறார் டாக்டர். அதனால்தான் எழுத்து இவ்வளவு பெரிதாக, வரி கோணி இருக்கிறது. போனில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீ நடுவில் ஏதாவது சொல்லிவிட்டால் நான் நிறுத்திவிடுவேன்.

உன் அம்மாவைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது உனக்கும் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் மகள் எஸ்தர், சர்ச்சில் இருந்த பழைய பியானோவில் ஞாயிறு பாட்டுக்கு வாசித்துப் பழகி, இங்கிலாந்து வரை போய்ப் படித்து வந்தவள். சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் கொழும்பிலும் அவள் பெயரைப் போட்டால் ஹால் நிறையும். ஆனால் ராஜபாளையத்தில், நான் எலெக்ட்ரிகல் ஃபோர்மேனாக இருந்த மில்லில், அவள் என் பெண்டாட்டி. "ஃபோர்மேன் வீட்டம்மா டைப் அடிக்கிற மாதிரி என்னவோ வாசிக்குமாம்" என்று கேலி பேசுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அவள் வாசிப்பதை மேடையில் நான் கேட்டது மொத்தம் மூன்று முறை. மூன்று முறையும் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தச் சங்கீதம் புரியவில்லை என்று சொல்லியிருந்தால் அவள் ஒன்றும் நினைத்திருக்க மாட்டாள். எனக்கு அது வேண்டாம் என்பதுபோல் நடந்துகொண்டேன். இரண்டும் வேறு வேறு என்று இப்போதுதான் தெரிகிறது.

நீ ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று தெரியாது. வியாழக்கிழமை ராத்திரி முழுக்கக் காய்ச்சல், வெள்ளிக்கிழமை விடியும்போது வலிப்பு. மில் வேனில் உன்னை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அம்மா சென்னையில் இருந்தாள், அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவளுக்குக் கச்சேரி. ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்த கையோடு ஓடிப்போய், கச்சேரி நடக்கிற ஹால் முகவரிக்குத் தந்தி கொடுத்தேன். பிள்ளைக்கு ஆபத்து, உடனே புறப்படு என்று. மறுநாள் காலையில் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. உனக்குக் கொஞ்சம் நினைவு திரும்பி, நாக்கு குழறக் குழற, "அம்மா ஏன் வரலை?" என்று கேட்டாய். இரண்டு நாளாகத் தூங்காதவன், பயந்து போயிருந்தவன், அதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நான் என்ன சொன்னேன் என்பது மாறாது. "உங்கம்மாவுக்கு அவ பியானோதாம்ல முக்கியம். நாமெல்லாம் அதுக்குப் பொறவுதான்" என்றேன்.

சனிக்கிழமை இருட்டுகிற நேரத்துக்கு அவள் வந்தாள். மேடைக்குக் கட்டுகிற மயில்கழுத்துப் பட்டுச் சேலையில் வந்து வாசலில் நின்றாள். தலையில் வாடிய பூ. அந்தச் சேலையைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தீர்மானமாகிவிட்டது. கச்சேரியை முடித்து, ராத்திரி தங்கி, காலை வண்டியைப் பிடித்து வந்திருக்கிறாள் என்று. சேலையின் கரை முழுக்க முழங்கால் வரை சேறு அப்பியிருந்தது. அதையும் பார்த்தேன். வெளியில் மழை, அதனால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். "பிள்ளை எப்படி இருக்கான்?" என்று கேட்டாள். நான், "வந்துட்டியா? கச்சேரியெல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? கைதட்டு எம்புட்டு நேரம் விழுந்துச்சு?" என்றேன். நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். நீ கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உன் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். நீ காலை இழுத்துக்கொண்டாய். பத்து வயசுப் பிள்ளை, அதுவும் நோயாளிப் பிள்ளை, காலை இழுத்துக்கொண்டதில் என்ன இருக்கிறது என்று அன்று நினைத்தேன். அதற்கப்புறம் நீ காலை நீட்டவே இல்லை.

அதன் பிறகு நம் வீட்டில் நடந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ அவளை அம்மா என்று கூப்பிடுவது மெல்ல மெல்ல நின்றது. என்னிடம் பேசும்போது "அவங்க" என்பாய். பரீட்சை மார்க் அட்டையை என்னிடம்தான் நீட்டுவாய். நான் அதைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. ஊர் ஊராகக் கொண்டாடுகிற பெண்ணைவிட, மில்லில் மோட்டார் பார்க்கிற அப்பன் பெரியவன் என்று ஒரு பிள்ளை முடிவு பண்ணியிருக்கிறான். வேறு யாரும் எனக்கு அப்படி ஒரு பரிசு கொடுத்ததில்லை. நீ இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போன மாதமே அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. "அவன் இருந்தவரைக்கும் இருந்தேன்" என்று மட்டும் சொன்னாள். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம் ஆகாது. இருபது வருஷத்துக்கு மேல் அவள் அங்கே இருந்தாள், நான் ஒரு தடவைகூட அந்த வாசலுக்குப் போனதில்லை.

அவள் போகும்போது கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியை விட்டுப்போனாள். பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். அதில் அவள் வாசித்த ஒவ்வொரு கச்சேரிக்கும் அச்சடித்த நிகழ்ச்சி நிரல் இருந்தது. எந்த ஊர், எந்த ஹால், முதலில் என்ன வாசித்தாள், இடைவேளைக்குப் பின் என்ன, எல்லாம் அதில் இருக்கும். ஓரத்தில் பென்சிலால் தன் கைப்பட ஏதாவது எழுதியிருப்பாள். அந்தத் தாள்களைக் குளியலறைக்குப் பின்னால் இருந்த வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்தேன். ஒரே நாளில் இல்லை, கோபத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தினம் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக, பத்துப் பதினோரு நாள். நீ முதல் செமஸ்டர் லீவில் வந்திருந்தாய். "என்னப்பா எரிக்கிறீங்க?" என்று கேட்டாய். "பழைய பேப்பர்தாம்ல" என்றேன். அந்த வெந்நீரில் நீயும் குளித்தாய். பெட்டியை வாங்க ஆள் வந்தபோது செல் அரித்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. மறுபடி கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் இறந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். நானும், "பரவால்ல, நீ அம்புட்டுத் தூரத்துலருந்து வந்து என்ன ஆகப்போகுது" என்றேன். அடக்கத்துக்கு நான் போனேன், பின்வரிசையில் நின்றேன், சர்ச் ஐயர் ஜெபம் முடித்ததும் திரும்பி வந்துவிட்டேன். மறு வருஷம் சென்னையிலிருந்து ஒரு இசைக் கல்லூரி டீச்சர் போன் செய்தார். எஸ்தர் அம்மாவின் வாழ்க்கையைப் புத்தகமாகப் போடுகிறோம், அவர் எந்தெந்தத் தேதியில் எங்கெங்கே என்னென்ன வாசித்தார் என்ற முழுப் பட்டியல் அதில் வர வேண்டும், நிரல் தாள்களை எல்லாம் அவர் சேர்த்து வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன், உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டார். செல் அரித்துவிட்டது என்றேன். பழகிப்போன பொய், தானாக வந்தது. அந்த டீச்சர் "ஐயோ சார்" என்றார். அவ்வளவுதான். அழுகிற குரல். என் மனைவியை நேரில் பார்த்திராத ஒரு பெண். மறுநாள் நானே போன் செய்து, "என்னால முடிஞ்சதைத் தேடித் தாரேன்" என்றேன். எரித்ததைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்று எழுபத்தாறு வயசில் நினைத்தேன். அது முடியாது என்று இப்போது தெரியும்.

ஆனாலும் தேடினேன். முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் படித்த பள்ளிக்கூடம். ஆண்டு விழா அறிக்கைகளில் அவள் பெயர் சின்ன வயசிலிருந்தே வருகிறது. பிறகு மதுரையில் ஒரு பெரிய நூலகத்தில் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை மாதம் மாதமாகத் தைத்து வைத்திருக்கிறார்கள், அதைப் புரட்டினேன். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை. தொட்டால் ஓரம் உதிர்கிற தாள். அவள் பெயரை மூன்று விதமாக அச்சடித்திருக்கிறார்கள், மூன்றையும் தேட வேண்டும். சென்னைக்கு நான்கு முறை போனேன். ரேடியோ நிலையத்தில் ஒலிபரப்புப் பதிவேடு, ஒரு சபாவில் ஹால் வாடகைக்கு விட்ட ரிஜிஸ்டர். அந்தச் சங்கீதக்காரர்களின் பெயர்கள் என் வாயில் இன்றைக்கும் நுழையாது, எழுத்துக்கூட்டி நோட்டில் ஏற்றினேன். ஒரே ஆள் சொனாட்டா என்ற ஒரே பெயரில் முப்பது பியானோ உருப்படி எழுதியிருக்கிறான், எந்த நம்பர் என்று போடாவிட்டால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை என்று டீச்சர் சொல்லிக்கொடுத்தார். இன்னொன்றும் சொன்னார். "இன்றைய நிகழ்ச்சிகள்னு பேப்பர்ல வந்துருச்சுங்கிறதுக்காக, நடந்துச்சுன்னு எழுதிரக் கூடாது சார். வேற ஒரு இடத்துலயும் அதுக்கு ஆதாரம் இருக்கணும்." எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பேப்பரில் போட்டிருக்கிறான், பிறகென்ன என்று நினைத்தேன்.

ஒரு வருஷத்தில் நோட்டு நிறைய ஆரம்பித்தது. ஒருநாள் டீச்சர் போனில், "வருஷா வருஷம் பிப்ரவரி மூணாவது வாரம் மட்டும் காலியாவே இருக்கே சார். முன்னாடி பின்னாடியெல்லாம் கச்சேரி இருக்கு. ஏதாவது காரணமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அது உன் பிறந்தநாள் வாரம். நீ பிறந்ததிலிருந்து அவள் அந்த வாரத்தில் எங்கும் ஒப்புக்கொண்டதே இல்லை. அந்த வாரம் அவள் வீட்டில் இருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதற்காக எதையெல்லாம் வேண்டாமென்று சொல்லியிருப்பாள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இத்தனைக்கும் நீ ஏழாம் வகுப்பு வந்த பிறகு, பிறந்தநாளுக்கு அவள் செய்த கேசரியைத் தொட மாட்டாய்.

உனக்குக் காய்ச்சல் வந்த அந்த வெள்ளிக்கிழமையையும் பேப்பரில் பார்த்தேன். இன்றைய நிகழ்ச்சிகளில் இருந்தது. ஹால் பெயர், ஆறு மணி, அவள் பெயர், மூன்று சொனாட்டாக்கள். அதை நோட்டில் எழுதி, அடியில் இரண்டு முறை கோடு போட்டேன். வருத்தத்தில் இல்லை. பார், எழுத்தில் இருக்கிறது, நான் சொன்னது சரிதான் என்று ஒரு திருப்தி. அவள் செத்துப் போன பிறகும் அந்தத் திருப்தி எனக்கு வேண்டியிருந்தது. நான் எப்படிப்பட்டவன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதையும் எழுதுகிறேன்.

அம்மாவின் கச்சேரிகளுக்குப் பியானோ சுருதி சேர்த்துக் கொடுத்தவர் அந்தோணி அண்ணாச்சி என்று ஒருவர். சென்னையில் வாத்தியக் கடையில் வேலை பார்த்தவர், தென் மாவட்டத்தில் எங்கே கச்சேரி என்றாலும் அவரைத்தான் அம்மா கூப்பிடுவாள், சென்னையில் வாசித்தாலும் அவர்தான். வயசாகி மம்சாபுரத்தில் மகள் வீட்டில் இருக்கிறார், சுருதி சேர்த்த ஒவ்வொரு பியானோவுக்கும் டைரி எழுதியிருக்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். போன ஆகஸ்டில் ஒருநாள் காலையில் போனேன். என்னைவிடப் பத்து வயசு மூத்தவர். நான் யார் என்று சொன்னதும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. "அவிய வீட்டுக்காரரா நீங்க? இம்புட்டு வருசம் கழிச்சு வாரீயளே" என்றார். குறையாகச் சொன்ன மாதிரி இல்லை. மகளிடம் டைரிகளை எடுத்துவரச் சொன்னார். நான் என் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு, அவர் வாசிக்க வாசிக்க ஒத்துப் பார்த்தேன். பல இடத்தில் எனக்கு இல்லாதது அவரிடம் இருந்தது.

அந்த ஐப்பசிக்கு வந்தோம். "அதை விட்ருங்க அண்ணாச்சி. அது எனக்குத் தெரியும். அன்னைக்கு மெட்ராஸ்ல வாசிச்சா" என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "யாரு சொன்னா? அன்னைக்கு அவிய வாசிக்கலையே."

"பேப்பர்ல போட்டிருக்கே."

"போட்டிருப்பான். வாசிக்கலை." டைரியை என் பக்கம் திருப்பினார். மூன்று மணிக்குச் சுருதி சேர்த்து முடித்தது, நான்கு மணிக்குத் தந்தி, அம்மா வாசிக்கவில்லை, எழும்பூர் வரை கூடப் போனேன் என்று நான்கே வரி. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிக்கொண்டே போனார். "தந்தியை நாந்தான் கொண்டுபோயிக் குடுத்தேன். மேடையில உக்காந்து கை பழகிட்டு இருந்தாவ. படிச்சாவ. பியானோ மூடியைச் சாத்துனாவ. அண்ணே ஒரு ஆட்டோ புடிங்கன்னாவ. அம்புட்டுத்தான். கச்சேரி ஏற்பாடு பண்ணவரு வாசல்ல மறிச்சாரு. அவிய வாசிக்கிறதைக் கேக்க அன்னைக்கு லண்டன்லருந்து ஒருத்தரு வந்திருந்தாரு. பிடிச்சிருந்தா அங்கன நாலு ஊருக்கு அழைச்சிட்டுப் போறதாப் பேச்சு. ஒரு மணி நேரம் வாசிச்சிட்டுப் போங்க, அடுத்த வண்டிக்கு நானே அனுப்பி வைக்கேன்னாரு. அவிய செத்த நேரங்கூட நிக்கலை. கட்டுன சேலையோட வண்டி ஏறிட்டாவ. சீட்டுக்கூட இல்லை, கதவுப் பக்கம் தரையில உக்காந்தாவ."

"பொறவு ஏன் மறுநாள் சாயங்காலந்தான் வந்தா?" என்று கேட்டேன்.

"விழுப்புரத்துக்கு இங்கிட்டு வெள்ளம் லா. வண்டி நடுக்காட்டுல நின்னு போச்சு. தண்டவாளத்துலயே நடந்து ரோட்டுக்கு வந்து, லாரியில பாதி, பஸ்ல பாதின்னு மருதைக்கு வந்து சேர்ந்ததாச் சொன்னாவ. கடைசி வரைக்கும் உங்ககிட்டச் சொல்லலையா?"

சொல்லவில்லை என்றேன். அவர் டைரியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே, "நானே ஒரு தரம் கேட்டேன். வீட்டுக்காரருக்கு விசயம் தெரியுமாம்மான்னு. அவர் கேக்கலையே அண்ணே, நானாச் சொன்னா மன்னிப்புக் கேக்கிற மாதிரி ஆயிரும், நான் என்ன தப்புப் பண்ணேன்னாவ. சரி, பிள்ளைட்டயாவது சொல்லலாம்லான்னேன். பிள்ளைட்டச் சொன்னா அப்பன் சொன்னது பொய்யின்னு ஆயிரும், அவனுக்கு ஒரு ஆளாவது மிச்சம் இருக்கட்டும்னாவ" என்றார்.

ஜோயல், அந்த ஒரு ஆள் நான்.

அதற்கடுத்த வாரம் மறுபடி மதுரை நூலகத்துக்குப் போனேன். அந்தோணி அண்ணாச்சியை நம்பாமல் இல்லை. அந்த டீச்சர் சொல்லிக்கொடுத்த பழக்கம், இன்னொரு ஆதாரம் வேண்டும். நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்தச் சனிக்கிழமைப் பேப்பரின் முதல் பக்கத்திலேயே இருந்தது. கனமழை, விழுப்புரம் அருகே தண்டவாளம் மூழ்கியது, தெற்கே போகிற ரயில்கள் வழியில் நிற்கின்றன. நான் முதல் முறை புரட்டியபோது அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன், அது சங்கீதச் செய்தி இல்லையே. அடுத்த வாரத்துப் பேப்பரில் உள்பக்கத்தில் ஒரு மூலையில், பியானோ கலைஞர் குடும்ப அவசரம் காரணமாக வர இயலாததால் ஒரு இளம் வயலின்காரர் அன்று மேடையேறினார் என்று இரண்டு வரி இருந்தது. அதற்குப் பிறகு என் நோட்டைப் பார்த்தால், அந்த ஐப்பசிக்கு அப்புறம் கச்சேரிகள் குறைந்துகொண்டே போகின்றன. அந்த ஹாலில் அவளை மறுபடி கூப்பிடவே இல்லை. லண்டன் பேச்சு அதோடு போயிற்று. குறைந்ததை நான் அப்போது வீட்டிலிருந்தே பார்த்தேன். ஆட்டம் அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எதனால் என்று கேட்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்ய முடியும் என்று ஏழு மாதமாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் செய்ய முடியாது. அவள் கல்லறைக்குப் போய் நான் சொல்லிப் பார்த்தேன். அவளிடம் பேசவென்று ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடித்தது அதுதான் முதல் முறை. கல்லிடம் பேசினது மாதிரித்தான் இருந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக நீ ஒரு கோபத்தின் மேல் நின்றுகொண்டிருக்கிறாய். அதை நான் இப்போது உருவிக்கொள்கிறேன், அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை. இதைப் படித்த பிறகு நீ அந்த ஒரு ஆளையும் இழந்துவிடுவாய் என்பதும் தெரியும். அவள் அதை உனக்காகக் காப்பாற்றி வைத்திருந்தாள், நான் உடைக்கிறேன். சொல்லாமல் செத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நிஷா பக்கத்தில் இருக்கும்போது நீ அந்த வாக்கியத்தைச் சொன்னதால்தான் முடியவில்லை.

ஷர்மிளாவைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. நீ சொல்வதே உண்மையாக இருக்கலாம். பேப்பரில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, அதில் தலையிட எனக்கு யோக்கியதையும் இல்லை. நான் கேட்பது ஒன்றுதான். ஏன் வரலை, எங்கே இருந்தாய் என்று அவளிடம் நீ கேட்டாயா? குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லாமல், தெரியாதவன் கேட்கிற மாதிரி கேட்டாயா? கேட்டும் அவள் பதில் உனக்கு ஒப்பவில்லை என்றால் அது உங்கள் இருவர் பாடு. நிஷாவிடம் மட்டும் அதை வைக்காதே. பெரியவர்கள் கோபத்தில் சொல்வதைப் பெரியவர்கள் மறந்துவிடுகிறோம். பத்து வயசுப் பிள்ளைக்கு அது அப்படியே நின்றுவிடுகிறது. நீயே சாட்சி. இதுவும் தாமதம்தானோ என்னவோ. நிஷா அதைக் கேட்டுவிட்டாள்.

புத்தகம் போன வாரம் அச்சுக்குப் போயிற்று. அனுப்புவதற்கு முன்னால் டீச்சர் கடைசியாக ஒருமுறை பட்டியலைப் போனில் வாசித்துக் காட்டினார். வெந்நீர் அடுப்பைப் பற்றி அவரிடமும் சொல்லிவிட்டேன். அதிலிருந்து அவர் என்னைச் சார் என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார். பட்டியலில் இன்னும் நாற்பது ஐம்பது இடத்தில் தேதி இருக்கிறது, என்ன வாசித்தாள் என்பது இல்லை. அவை இனிமேல் கிடைக்காது. அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். அதை எடுத்துவிட்டோம் என்றார். "நடக்காத கச்சேரியைச் சேர்க்க முடியாதுங்க. இது அவங்க வாசிச்சதோட பட்டியல்." அடிக்குறிப்பாகவாவது ஒரு வரி போடலாமா என்று கெஞ்சினேன். குழுவில் கேட்டுப் பார்த்ததாகவும், அது குடும்ப விஷயம், வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆக, அதற்கு முந்தின மாதம் பெங்களூர் என்று ஒரு வரி இருக்கும், அடுத்த வரி ஐந்து மாதம் கழித்துத் திருச்சி. நடுவில் இடம்கூட விட மாட்டார்கள். படிக்கிறவர் யாருக்கும் அங்கே ஒன்று நடந்தது தெரியப்போவதில்லை. உனக்கு மட்டும் தெரியட்டும். அன்று சாயங்காலம் உன் அம்மா எங்கேயும் வாசிக்கவில்லை. உன்னிடம் வந்துகொண்டிருந்தாள்.

அப்பா